கூண்டுக்குள் மூன்றாவது ஆள்: எம்எம்ஏ ரெஃப்ரி ஆவது எப்படி?

2004 ஜூன் 19. குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டையான எம்எம்ஏவின் பெரிய அமெரிக்க அமைப்பு யுஎஃப்சி. அதன் 'யுஎஃப்சி 48' நிகழ்ச்சி. ஹெவிவெயிட் பட்டத்துக்கான ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கீழே மல்லாந்து கிடந்த ஃபிராங்க் மிர், மேலே இருந்த டிம் சில்வியாவின் வலது கையை ஆர்ம்பாரில் (முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் பிடி) மாட்டி இழுக்கிறார். சில்வியா தட்டவில்லை (தோல்வியை ஒப்புக்கொள்பவர் கையால் தட்டுவார்). அலறவுமில்லை. ஆனாலும் ரெஃப்ரி ஹெர்ப் டீன் உள்ளே பாய்ந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டார். கூட்டம் கூச்சல் போட்டது. சில்வியாவோ தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வாதாடிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் பெரிய திரையில் அந்த நொடியை மறுபடி காட்டினார்கள். முன்கை, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியது. எலும்பு முறிந்திருந்தது.

கைக்குச் சொந்தக்காரருக்கே தெரியாதது டீனுக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கை தெரிகிற பக்கத்தில் அவர் நின்றிருந்தார், கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை. ரெஃப்ரி வேலைக்கு வர நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது விதிகளைப் பற்றி, அடுத்து சம்பளத்தைப் பற்றி. நான் முதலில் சொல்வது கால்களைப் பற்றி. எங்கே நிற்கிறீர்களோ அதுதான் கண்ணில் படும். கண்ணில் படாததை எந்த விதியை வைத்தும் தீர்மானிக்க முடியாது.

ஒரு சின்ன விளக்கம். தமிழில் எல்லோரையும் 'நடுவர்' என்று சொல்லிவிடுகிறோம். இங்கே கூண்டுக்குள் வீரர்களோடு நிற்பவரை ரெஃப்ரி என்றும், வெளியே உட்கார்ந்து மதிப்பெண் போடும் மூவரை ஜட்ஜ் என்றும் சொல்கிறேன். எம்எம்ஏவில் ரெஃப்ரி மதிப்பெண் போடுவதில்லை. பாயிண்டைக் குறைக்கலாம், எச்சரிக்கலாம், ஆட்டத்தை நிறுத்தலாம். யார் ஜெயிக்கிறார் என்ற கணக்கு அவர் தலையில் இருக்கவே கூடாது.

நிறுத்தும் அதிகாரமும் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சியில், வீரர் தட்ட வேண்டும் அல்லது அவருடைய கார்னர் (வெளியே நிற்கும் பயிற்சியாளர், உதவியாளர்கள்) துண்டை எறிய வேண்டும், அதுவரை ஆட்டம் ஓடும் என்பதுதான் ஏற்பாடு. 1994 மார்ச்சில் இரண்டாவது நிகழ்ச்சிக்கு ரெஃப்ரியாக வந்தவர் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ்காரர் ஜான் மெக்கார்த்தி. தட்டவும் தெரியாமல் தப்பவும் முடியாமல் அடி வாங்குகிறவரைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. மூன்றாவது நிகழ்ச்சியிலிருந்து ரெஃப்ரியே நிறுத்தலாம் என்று விதி மாறியது. இன்று இந்த வேலையின் சாரமே அந்த அதிகாரம்தான்.

முதல் படி: பாயில் இறங்குங்கள்

சண்டை போடாதவர் ரெஃப்ரி ஆகலாமா? ஆகலாம். தொழில்முறையில் சண்டை போட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் பயிற்சியே எடுக்காதவர் ஆகக் கூடாது என்பது என் கருத்து. அதிலும் தரைப்பிடிகள். குத்தும் உதையும் பார்த்தாலே ஓரளவு புரியும். ஒரு சோக் பிடி (கழுத்தை நெரிக்கும் பிடி) இறுகிவிட்டதா, வெறும் தாடையில் அழுத்துகிறதா என்பது, அந்தப் பிடியில் நீங்களே நூறு முறை மாட்டியிருந்தால்தான் பார்த்ததும் தெரியும். பிரேசிலியன் ஜியு ஜிட்சு, மல்யுத்தம், முவாய் தாய் மூன்றிலும் கொஞ்சமாவது உடம்பை நனைத்திருக்க வேண்டும். இரண்டு, மூன்று வருடம் ஒழுங்காகப் போனால், எந்தப் பிடி எந்தப் பிடியாக மாறப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிய ஆரம்பிக்கும். அந்த ஒரு நொடி முன்னறிவு இருந்தால்தான் சரியான பக்கத்துக்கு நகர நேரம் கிடைக்கும்.

உடல் தகுதியும் சேர்த்தேதான். ஒரே இரவில் பல ஆட்டங்களுக்கு நிற்க வேண்டி வரும். குனிந்து, முட்டி போட்டு, எழுந்து, பக்கவாட்டில் ஓடி, கடைசியில் நூறு கிலோ ஆளை இன்னொருவர் மேலிருந்து விலக்க வேண்டும். மூச்சு வாங்கும் ரெஃப்ரி தாமதமாகத்தான் போய்ச் சேருவார்.

இரண்டாம் படி: எந்த விதிப்புத்தகம்?

உலகில் பெரும்பாலான இடங்களில் ஓடுவது 'ஒருங்கிணைந்த விதிகள்'. 2000-2001 காலத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உருவெடுத்தவை. ஐந்து நிமிட ரவுண்டு, இடையில் ஒரு நிமிட ஓய்வு, சாதாரண ஆட்டம் மூன்று ரவுண்டு, பட்டத்துக்கு ஐந்து. அங்குள்ள மாநில ஆணையங்களின் கூட்டமைப்பான ஏபிசி இவற்றை அவ்வப்போது திருத்துகிறது. எல்லா இடத்திலும் இதுவே என்று நினைத்துவிடாதீர்கள். ஆசியாவின் ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பில் தரையில் இருப்பவரின் தலையில் முழங்காலால் இடிக்கலாம். ஜப்பானின் ரைஸின் அமைப்பில் தரையில் கிடப்பவரை உதைக்கவும் மிதிக்கவும்கூடச் செய்யலாம். அமெச்சூர் ஆட்டங்களில், 2012-இல் தொடங்கிய சர்வதேச அமெச்சூர் அமைப்பான ஐஎம்எம்ஏஎஃப்பின் விதிப்படி முழங்கை அடி கிடையாது, கணைக்கால் காப்பு (ஷின் கார்டு) உண்டு, ரவுண்டு மூன்று நிமிடம்தான். எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் அன்றைய விதியை அன்றே மறுபடி படியுங்கள்.

விதியை மனப்பாடம் செய்வது சுலபம். அது எப்படி மாறி வந்தது என்பதையும் படியுங்கள், ஏனென்றால் வீரர்கள் பழைய விதியில் பழகியவர்கள். 'தரையில் இருப்பவர்' என்றால் யார் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஒரு கையை ஊன்றினாலே போதும், தலைக்கு உதையோ முழங்காலோ விழாது. பிறகு இரண்டு கையும் வேண்டும் என்றார்கள். 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் கை கணக்கிலேயே இல்லை. கையும் பாதமும் தவிர்த்து முழங்காலோ இடுப்போ வேறு எதுவோ தரையைத் தொட்டால்தான் அவர் தரையில் இருப்பவர். நேர் மேலிருந்து கீழாக இறக்கும் முழங்கை அடியும் அதே திருத்தத்தில் அனுமதிக்கப்பட்டுவிட்டது. 2009-இல் மேட் ஹாமிலுக்கு எதிரான ஆட்டத்தில் ஜான் ஜோன்ஸ் தகுதிநீக்கம் ஆனது அந்த அடியால்தான். அவர் கணக்கில் இருக்கும் ஒரே தோல்வி அது. இன்றைக்கு அதே அடிக்கு விசில்கூடக் கிடையாது. (எம்எம்ஏவில் விசிலே கிடையாது என்பது வேறு விஷயம். குரலும் கையும்தான்.)

பின்தலை அடி இன்னொரு தலைவலி. காதுக்குப் பின்னால் பட்டதெல்லாம் ஃபவுல் என்று பார்வையாளர்கள் கத்துவார்கள். விதி சொல்வது வேறு. உச்சந்தலையிலிருந்து பின்பக்கமாக ஒரு கோடு போட்டு, அதற்கு இரு பக்கமும் ஒரு அங்குலம். மண்டையோடு கழுத்தோடு சேரும் இடத்தில் அது கழுத்தின் முழு அகலத்துக்கு விரியும், பிறகு முதுகெலும்போடு இறங்கும். சேவல் கொண்டையை நினைத்துக்கொண்டால் மறக்காது.

மூன்றாம் படி: வெளியே இருந்து தொடங்குங்கள்

நேரடியாகக் கூண்டுக்குள் யாரும் விட மாட்டார்கள். விடுகிறார்கள் என்றால் அந்த நிகழ்ச்சியைச் சந்தேகப்படுங்கள். நேரக் கணக்கு பார்ப்பது, வீரர்களின் கைக்கட்டைச் சரிபார்ப்பது, உடைமாற்றும் அறையில் மேற்பார்வை, ஜட்ஜாக உட்காருவது, இப்படி ஏதாவது ஒரு வேலையில் உள்ளே நுழையுங்கள். உள்ளூர் அமெச்சூர் நிகழ்ச்சிகளில் இதற்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். அங்கே அனுபவமுள்ள ரெஃப்ரிகள் எப்படி நகர்கிறார்கள் என்று கூண்டுக்கு மூன்றடி தள்ளி நின்று பார்க்கலாம். தொலைக்காட்சியில் கேமரா வீரர்களைத்தான் பிடிக்கும். ரெஃப்ரியின் கால் பாதி நேரம் சட்டகத்துக்கு வெளியே இருக்கும்.

வீட்டில் ஒரு பயிற்சி. பழைய ஆட்டங்களைச் சத்தமில்லாமல் ஓட விடுங்கள். நிறுத்த வேண்டும் என்று தோன்றும் நொடியில் மேசையைத் தட்டுங்கள். உண்மையான ரெஃப்ரி எப்போது நிறுத்தினார் என்று ஒப்பிடுங்கள். சத்தத்தை அணைப்பது முக்கியம். வர்ணனையாளரின் குரல் ஏறினால் நம் கையும் தானாக ஏறிவிடும்.

நான்காம் படி: பயிற்சி வகுப்பும் உரிமமும்

ஜான் மெக்கார்த்தி நடத்தும் 'கமாண்ட்' வகுப்பு இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டது. ஹெர்ப் டீனும் வகுப்பு எடுக்கிறார். அமெரிக்காவில் ஏபிசி அங்கீகரித்த பயிற்சியாளர்களிடம் படித்த சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. அமெச்சூர் பக்கம் ஐஎம்எம்ஏஎஃப் தன் உறுப்பு அமைப்புகள் வழியாக அதிகாரிகளுக்குப் பயிற்சி தருகிறது. பொதுவாக எழுத்துத் தேர்வு, வீடியோவைப் பார்த்து முடிவு சொல்வது, பாயில் செய்து காட்டுவது என்று சோதிப்பார்கள்.

சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. ஆணையம் இருக்கும் இடங்களில் உரிமம் தருவதும் எந்த ஆட்டத்துக்கு யார் என்று நியமிப்பதும் ஆணையம்தான். ஆணையம் இல்லாத இடங்களில் அந்த விளையாட்டின் தேசிய அமைப்போ, நிகழ்ச்சி நடத்துபவரோ அழைப்பார். நடத்துபவரே சம்பளம் தந்து நடத்துபவரின் வீரருக்கே நீங்கள் பாயிண்ட் குறைக்க வேண்டி வரும் சங்கடம் அங்கே உண்டு. உங்கள் ஜிம்மில் பயிற்சி எடுக்கிறவர், உங்கள் பயிற்சியாளரின் மாணவர் யாராவது ஆட்டத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி விலகிக்கொள்ளுங்கள். யாரும் கேட்காவிட்டாலும்.

பணத்தைப் பற்றி ஒரு வரி: முதல் சில வருடங்கள் பயணச் செலவே கையை விட்டுப் போகும். வேறு வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஆட்ட நாள்

மணி அடிப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். உடைமாற்றும் அறைக்குப் போய் ஒவ்வொரு வீரரையும் அவர் கார்னர் ஆட்களையும் பாருங்கள். எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், ரவுண்டுக்கு இடையில் எத்தனை பேர் உள்ளே வரலாம், தண்ணீர் எங்கே கொட்டலாம், எல்லாம் சொல்லுங்கள். உங்கள் மொழி அவருக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பவர் இருக்க வேண்டும். 'சண்டையைக் காட்டு' என்று நீங்கள் கத்துவது அவருக்கு வெறும் சத்தமாகக் கேட்டால் என்ன பயன்? மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: சோக்கிலோ மூட்டுப்பிடியிலோ வலியில் அலறினால் அதுவும் தட்டியதற்குச் சமம்.

கூண்டு வாசலில் மறுபடி சோதனை. மவுத்கார்டு, அடிவயிற்றுக் காப்பு, கையுறை, கை கால் நகங்கள், உடம்பில் வழுக்கும்படி ஏதாவது பூசியிருக்கிறதா. நகத்தை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். விரலால் கண்ணில் பட்டால் அது எவ்வளவு மோசம் என்று பட்டவருக்குத்தான் தெரியும்.

உங்கள் உடை எளிமையானது. கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, மென்மையான காலணி, ரத்தத்துக்குக் கையுறை. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எதுவும் வேண்டாம்.

ஆறாம் படி: எங்கே நிற்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நின்று சண்டை போடும்போது இரண்டு வீரர்களும் நீங்களும் ஒரு முக்கோணம். இருவருக்கும் நடுவில், பக்கவாட்டில், கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று வெளியே. ஒருவர் முதுகுக்குப் பின்னால் போனால் அந்த நொடியில் நீங்கள் பார்வையாளர். அவர்கள் சுற்றினால் நீங்களும் சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் குறுக்கே போகாமல். கூண்டு வேலியில் ஒருவரை ஒருவர் அழுத்தினால், வேலிப் பக்கம் இருக்கும் கைகளைப் பார்க்கும் கோணத்துக்குப் போங்கள். வேலியை விரலால் பிடிப்பது அங்கேதான் நடக்கும்.

தரையில் நிலைமை வேறு. முட்டி போட்டுக் கீழே இறங்குங்கள். நிற்கும் உயரத்திலிருந்து பார்த்தால் மேலே இருப்பவரின் முதுகு மட்டும்தான் தெரியும். ஆர்ம்பார் என்றால் முழங்கை மூட்டு தெரிய வேண்டும். கில்லட்டின் (முன்பக்கமிருந்து கழுத்தை நெரிக்கும் பிடி) என்றால் பிடிபட்டவரின் முகம் மற்றவரின் அக்குளுக்குள் மறைந்திருக்கும், அப்போது கைகளையும் பாதங்களையும் பாருங்கள். உணர்வு போகும்போது விரல்கள் தளரும், சில சமயம் கால் விறைக்கும், குறட்டை மாதிரி ஒரு ஒலி வரும்.

நான் முதலில் ரெஃப்ரியாக நின்றது ஒரு ஜிம்முக்குள் நடந்த சின்னப் போட்டி. ஒருவர் மற்றவரின் முதுகில் ஏறி, இருவரும் பக்கவாட்டில் சாய்ந்து, பின்னாலிருந்து கழுத்துப் பிடி. நான் முதுகுப் பக்கம் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்தது மேலிருப்பவரின் தோளும் என் நம்பிக்கையும்தான். எதிர்ப்பக்கம் இருந்த ஒரு பயிற்சியாளர் கத்தியபோது சுற்றி ஓடினேன். மாட்டியவர் தன் வயிற்றுப் பக்கம் இருந்த கையால் எதிராளியின் தொடையில் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்று நொடி இருக்கலாம். அவர் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார், என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து முதுகுப் பிடி விழுந்தால் யோசிக்காமல் என் கால் மார்புப் பக்கம் போய்விடும். முகமும் இரண்டு கைகளும் ஒரே பார்வையில் தெரியும் பக்கம் அது ஒன்றுதான்.

சரி, கண்ணால் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால்? மணிக்கட்டைத் தொட்டுக் கையைத் தூக்கிப் பாருங்கள், கட்டைவிரலை உயர்த்தச் சொல்லுங்கள். இதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2019 மார்ச்சில் யுஎஃப்சி 235-இல், பென் ஆஸ்க்ரனின் புல்டாக் சோக்கில் (தலையைக் கையால் சுற்றி இறுக்கும் பிடி) இருந்த ராபி லாலரின் கை தொங்கியதைப் பார்த்து இதே ஹெர்ப் டீன் நிறுத்தினார். லாலர் உடனே தெளிவாக எழுந்து நின்றார். அந்த முடிவைப் பற்றி இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. சில்வியாவின் கையைக் கண்டுபிடித்தவருக்கே இப்படி என்றால் நமக்கெல்லாம் என்ன.

ஏழாம் படி: எப்போது, எப்படி நிறுத்துவது

விதி கேட்பது ஒரே கேள்வி: அடி வாங்குகிறவர் புத்தியோடு தற்காத்துக்கொள்கிறாரா? இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அசையாமல் கிடப்பது தற்காப்பு மாதிரி தெரியும். அது தற்காப்பல்ல. காலைப் பிடிக்க முயல்கிறார், இடுப்பை நகர்த்துகிறார், எதிராளியின் கையைக் கட்டுகிறார் என்றால் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறார். முதலில் குரலால் சொல்லுங்கள்: நகரு, எதிர்த்துச் செய். சொன்ன பிறகும் எதுவும் மாறவில்லை என்றால் போய்விடுங்கள். ஓங்கிய ஒரே குத்தில் உடம்பு மரம்போல் விழுந்தால் எச்சரிக்கைக்கெல்லாம் நேரமில்லை.

நிறுத்தும்போது கையை ஆட்டிக் கத்தினால் போதாது. ஆவேசத்தில் இருப்பவருக்குக் காது கேட்காது. உங்கள் உடம்பை இருவருக்கும் நடுவில் நுழைத்து, கீழே கிடப்பவரின் தலையை மூடுங்கள். மூட்டுப்பிடியாக இருந்தால் கையை இழுக்காதீர்கள், அதே மூட்டுதான் மேலும் முறியும். பிடித்திருப்பவரின் கையின் மேல் கை வைத்து, விடச் சொல்லி, பிடி அவிழும் திசையில் உதவுங்கள். மயங்கியவரைப் படுக்கவே வையுங்கள், மருத்துவர் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். நினைவு திரும்பும் சிலர் ஆட்டம் இன்னும் ஓடுகிறது என்று நினைத்து ரெஃப்ரியின் காலையே பிடித்துக் கவிழ்க்கப் பார்ப்பார்கள். கோபப்படாதீர்கள், அமைதியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

சீக்கிரம் நிறுத்தினால் திட்டு வரும். தாமதமாக நிறுத்தினால் திட்டு வராமலே போகலாம், ஆனால் ஒரு மனிதரின் மூளைக்கு அது திரும்பாத கணக்கு. இரண்டில் எந்தத் தவறை நான் செய்வேன் என்று கேட்டால், முன்னதையே.

எட்டாம் படி: ஃபவுல் விழுந்தால்

வரிசை தவறக் கூடாது. நேரத்தை நிறுத்துங்கள். தவறு செய்தவரை ஒதுக்குப்புறமான பக்கத்துக்கு அனுப்புங்கள். பிறகுதான் அடிபட்டவர். தேவையானால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடிவயிற்றில் பட்டிருந்தால் ஐந்து நிமிடம் வரை ஓய்வு தரலாம். அதன்பின் முடிவு: எச்சரிக்கையா, பாயிண்டா, தகுதிநீக்கமா. முடிவை இரு கார்னருக்கும் மூன்று ஜட்ஜுகளுக்கும் ஒரே சொற்களில் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு விதிவிலக்கு: கீழே இருப்பவர் ஃபவுல் செய்து மேலே இருப்பவருக்குக் காயமில்லை என்றால் ஆட்டத்தை நிறுத்தாமல் வாயால் குறித்துச் சொல்லலாம், இல்லாவிட்டால் நல்ல இடத்தைப் பிடித்தவரிடமிருந்து அந்த இடத்தை நீங்களே பறித்ததாகிவிடும்.

தெரியாமல் நடந்த ஃபவுலால் ஆட்டம் தொடர முடியாமல் போனால் எத்தனை ரவுண்டு முடிந்திருக்கிறது என்று பாருங்கள். மூன்று ரவுண்டு ஆட்டத்தில் இரண்டு, ஐந்தில் மூன்று முடிந்திருந்தால் மதிப்பெண் அட்டைக்குப் போகும். அத்தனை ரவுண்டு முடியாவிட்டால் 'நோ கான்டெஸ்ட்', அதாவது யாருக்கும் வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை. வேண்டுமென்றே செய்தது என்றால் தகுதிநீக்கம். 2021 மார்ச்சில் யுஎஃப்சி 259-இல் முழங்கால் தரையில் ஊன்றியிருந்த அல்ஜமைன் ஸ்டெர்லிங்கின் தலையில் பீட்டர் யான் முழங்காலால் இடித்தார். ஸ்டெர்லிங்கால் தொடர முடியவில்லை. ரெஃப்ரி மார்க் ஸ்மித் யானைத் தகுதிநீக்கம் செய்தார். பட்டமே கைமாறியது. அப்படியொரு முடிவை அரங்கமே பார்த்துக்கொண்டிருக்க எடுக்க வேண்டுமென்றால், 'நினைக்கிறேன்' என்று சொல்லும் நிலையில் இருக்கக் கூடாது.

ஆட்டம் முடிந்த பிறகு

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஆட்டம், எப்படி முடிந்தது, எங்கே தயங்கினீர்கள். உரிமத்துக்கோ மேல்நிலைக்கோ விண்ணப்பிக்கும்போது எத்தனை ஆட்டம் நின்றீர்கள் என்று கேட்பார்கள், அதற்கும் உதவும். அப்புறம் வீடியோவை வாங்குங்கள். முதல் முறை பார்க்கும்போது சண்டையைத்தான் பார்ப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். இரண்டாம் முறை வீரர்களை விட்டுவிட்டு உங்கள் கால்களை மட்டும் பாருங்கள். எத்தனை தடவை ஒருவரின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டீர்கள், அங்கிருந்து வெளியே வர எத்தனை நொடி ஆனது என்று எண்ணி அந்த எண்ணை நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் நோட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் பட வேண்டியது அதுதான்.